சத்தமில்லாத பேய்ப் படம்

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மூத்தவள் பிறந்த கதையைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி, மலாயாவில் பாலோ ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எப்போதாவது லாரியில் படம் காட்ட வருவார்கள். அன்றைக்கு வந்தது வெள்ளைக்காரர்களின் பேய்ப் படம். அந்தக் காலத்துப் படத்தில் பேச்சு கிடையாது. பக்கத்தில் ஒருவர் நின்று கதையைத் தமிழில் உரக்கச் சொல்லுவார்.

நிறைமாசக்காரி பேய்ப் படம் பார்க்கக் கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தடுத்தார்கள். நான் கேட்கிற ஆளா? மலைமேல் பெரிய பங்களா, தானாகத் திறக்கும் கதவு, மெழுகுவத்தியோடு மாடிப்படி இறங்கும் வெள்ளை உருவம். விடிந்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற எங்களை எந்தத் துரை பங்களாவுக்குள் விடுவான்? பேயோடு சேர்ந்தாவது உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று ஆசை.

ஆண்கள் திரைக்கு முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால்; துணியின் மறுபக்கமும் படம் தெரியும். பாதிப் படத்தில் எனக்கு வலி கண்டுவிட்டது. இத்தனை பேர் நடுவில் கத்த வெட்கம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முனகினேன்.

"கேக்குதா? பேய் அழுவுது, நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் கதை சொன்னவர், தானே செய்த வித்தை மாதிரி. முன்னால் ஒரே கைதட்டல். என்னைச் சுற்றி இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாக ஓடினார்கள். எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளை கைக்கு வராது என்றே நினைத்தேன்.

படக்காரர்கள் போகிற தோட்டமெல்லாம் கூடவே போய்க் கடலை விற்கும் சீன அம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் கூடையைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "இனி கம்பார் தாடா சுவாரா" என்று மலாயில் கத்தினார். இந்தப் படத்துக்குச் சத்தமே கிடையாது என்று அர்த்தம். அதே படத்தை எத்தனை தோட்டத்தில் பார்த்திருப்பார், பேய் முனகாது என்று அவருக்குத் தெரியாதா?

படம் நின்றது. "படத்த ஓட்டுப்பா" என்று ஒருவர் சத்தம் போட, "யோவ், இங்க புள்ள பொறக்குதுய்யா" என்றது இன்னொரு குரல். ஓடின பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மறைப்புக்கு வேறு துணி இல்லை. திரையையே அவிழ்த்து என்னைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒரு முனை கதை சொன்னவர் கையில். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லுங்கண்ணே கதைய" என்றாள் ஒருத்தி. மனிதர் திரை முனையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தார்.

பிள்ளை பிறந்ததும் அழவில்லை. சீன அம்மா அதன் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினார். பிறகு என் மகள் அழுதது தோட்டம் முழுக்கக் கேட்டது.

ஓடினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆள் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்களே. இன்றைக்கும் இருட்டில் முனகல் கேட்டால், யாரது என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போய்விடுகிறேன்.

பேத்தி, எழுதினது போதும். எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டும்மா.