மிதக்கும் நூலுக்கு ஒரு நிறம்

துரை ஒரு தபால் உறையோடு மருந்துச் சாலைக்குள் வந்தபோது, நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பட்ட ஒரு காலுக்குக் கட்டுப் போட்டு முடித்து, கை கழுவக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம் அது. நான் அங்கே மருந்தாளன். டாக்டருக்குப் படித்தவன் அல்ல. ஆனாலும் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த தோட்டத்து மக்களுக்கு நான் டாக்டரையா. பிரசவம், வயிற்றோட்டம், சளிக்காய்ச்சல், அட்டை கடித்த புண் எல்லாம் என் தலையில்தான். சுதந்திரம் வந்து பதினைந்து வருடம் ஆகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். முப்பது வருடமாக மலையில் இருந்தவர். கூலியாட்களைக் கங்காணிகள் அதட்டுவதைக் கேட்டுத் தமிழ் படித்ததால் பெரியவர், சின்னவர் எல்லாரும் அவருக்கு 'நீ'தான்.

உறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். சாண் நீளத்தில் மூன்று நூல் துண்டுகள் அதில் ஒட்டியிருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. சீமையிலிருந்து தூண்டில் கடைக்காரர்கள் மாதிரிக்கு அனுப்பியவை. துரை அதுவரை போட்டுவந்தது பட்டு நூல். மிதக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கொழுப்புத் தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நனைந்து அமுங்கிவிடும். இது பிளாஸ்டிக் பூசிய புது நூல். நாள் முழுக்க மிதக்குமாம்.

"எந்தக் கலர் வாங்கறது? நாளைக்கு நீ ஆத்துக்கு வா. பாக்கணும்."

"நானா சார்? எனக்கு மீனப்பத்தி ஒண்ணும் தெரியாதே."

"மீனப்பத்தி எனக்குத் தெரியும். நீ என் கண்ணுக்கு வா."

ஆறு மாதத்துக்கு முன்பு அவர் கண்ணைப் பார்த்தவன் நான்தான். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் மேலே இருந்த பெரிய எழுத்துக்குக் கீழே அவரால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கொழும்புக்குப் போய் அறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனால் தோட்டக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், திரும்பி வருவதற்குள் வேறொருவர் பங்களாவில் இருப்பார் என்றார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. பயம் பாதி. மீதி, இன்னொரு தொல்லையைத் தூக்கிச் சுமக்க என்னிடம் பலம் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அவரே ஓட்ட, அவருடைய ஜீப்பில் பட்டிப்பொலப் பக்கம் போனோம். வளைவுக்கு வளைவு என் வலது கால் தானாகவே தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் இருந்தது ஒரே ஒரு பிரேக். அது என் பக்கம் இல்லை.

ஆறு சின்னதுதான். கண்ணாடி மாதிரித் தண்ணீர், கரையெல்லாம் பனி பட்ட புல். துரைமார் அந்தக் காலத்திலேயே குஞ்சு கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அதில் இருந்தது. அதைப் பிடிக்கப் புழு, இரை எதுவும் கிடையாது. இறகில் கட்டிய பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் போட வேண்டும். மீன் வாயை வைத்ததா என்பதை, மிதக்கிற நூல் சட்டென்று நகர்வதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஆகவே நூல் ஆளுக்குத் தெரிய வேண்டும், மீனுக்குத் தெரியக்கூடாது. அதுதான் நிறத்தில் இருந்த சிக்கல்.

துண்டுகளை அட்டையிலிருந்து பிரித்து, ஆற்றோடு போய்விடாமல் தையல் நூலில் கட்டி எடுத்துக்கொண்டு நான் முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்பைத் தொட்டது. துரை கரையில் நின்றார். நான் விடுவேன், அவர் எங்கே என்று காட்ட வேண்டும். முதலில் பழுப்பை விட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

"அடுத்தது பச்சை, சார்," என்று சொல்லிவிட்டு, பழுப்பை இழுத்தெடுத்து, சிக்கிய தையல் நூலைப் பிரிக்கத் தொடங்கினேன். விரல் விறைத்துப்போய் முடிச்சு அவிழவில்லை.

"ஆ, தெரியுது!" என்று அவர் கையை நீட்டினார். "அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. நல்லாத் தெரியுது."

பச்சை நூல் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவருக்குச் சொல்லாமலே அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். பிறகு வெள்ளை. அதை அவர் பத்தடி தூரம்வரை சரியாகக் காட்டினார். அதற்கப்பால் அதுவும் இல்லை.

"வெள்ளைதான் சார் உங்களுக்கு," என்றேன்.

"வெள்ளையப் பாத்தா மீன் ஓடும்."

"ஓடட்டும் சார். உங்களுக்குத் தெரியணுமில்ல?"

"கிளப்பில எல்லாரும் பச்சை வச்சிருக்கான். நான் வெள்ளை வச்சா ஏன்னு கேப்பான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "பச்சைன்னு கடைக்கு எழுதறேன்."

சரி என்றேன். நனைந்த கால்சட்டையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள், சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் ரோட்டோரமாக லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது துரையின் ஜீப் ஒருத்தியைத் தட்டிவிட்டது. கூடையோடு ரோட்டோர வடிகால் கானுக்குள் விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயது இருக்கும். அவளுடைய இரண்டு பிரசவத்தையும் நான்தான் பார்த்திருக்கிறேன். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"தொரை என்னையப் பாத்துக்கிட்டேதாங்க வந்தாரு. நேரா மூஞ்சியப் பாத்தாரு. ஒதுக்கிப் போவாருன்னு நின்னேன்."

கட்டுத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு துரை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சாகமாட்டாதானே?"

"மாட்டா. தோள் பழையபடி வருமான்னு தெரியல."

"ரோட்டுல ஏன் நடுவுல வருது அவ?"

"நடுவுல வரல சார். ஓரமாத்தான் வந்திருக்கா." எனக்குக் குரல் உயரவில்லை, கோபப்படவும் அலுப்பாக இருந்தது. "அன்னைக்கு ஆத்துல பச்சை தெரியுதுன்னு சொன்னீங்களே, அப்ப அது என் கையில இருந்திச்சு. தண்ணியில இன்னும் விடவே இல்ல."

அவர் முகம் சிவந்தது. ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உன்னை நாளைக்கே அனுப்புகிறேன் என்றால் எங்கே போவது, என்று மனம் கணக்குப் போட்டது. அவர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை. நரைத்த, கண் மங்கிய, வயதான ஒரு மனிதர்.

"நீ எழுது," என்றார் கடைசியில். "எனக்குக் காகிதத்துல கோடு தெரியாது."

அன்று இரண்டு கடிதம் எழுதினேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். முதல் கடிதம் கம்பெனிக்கு. கண்ணைப் பற்றி, விபத்தைப் பற்றி, ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டாவது தூண்டில் கடைக்கு. வெள்ளை.

ஜீப் சாவியை மறுநாளே லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். நூல் கப்பலில் வந்துசேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கம்பெனியின் பதிலும் வந்துவிட்டது; வருஷக் கடைசியோடு அவர் போகலாம். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் டிரைவரோடு ஆற்றுக்குப் போனார். நான் ஒரு தடவை போனேன். மேகமூட்டத்தில் கறுத்த தண்ணீரில் வெள்ளை நூல் பளிச்சென்று கிடந்தது. மீனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை, இரண்டு பிடித்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனார். நூலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எலும்பு கூடியது. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. துரை போகிறதற்கு முன் அவளைப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்குப் போட்டுவிட்டுப் போனார். புதுத் துரை வந்த பிறகு ஒருநாள் அங்கே பால்மா கொடுக்கப் போயிருந்தேன். ஒரு கைக்குழந்தையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"பழைய தொரைக்குக் கண்ணு தெரியாதாமே. ஒங்களுக்கு அது முன்னாடியே தெரியுமாங்க, டாக்டரையா?"

"தெரியும்," என்றேன்.

வேறு ஏதாவது சொல்வேனோ என்று பார்த்தாள். குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பால்மா டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, மேல் லயத்தில் காய்ச்சலாகக் கிடந்த ஒரு கிழவரைப் பார்க்க ஏறினேன்.