தரகர் வைத்த கெடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் தப்பும். பொறுத்துக்கணும்.

டாக்குரியாவில் எங்களுக்கு ஃபிளாட் பிடித்துக் கொடுத்த தரகர் எப்போதும் கறுப்புக் குடையோடு வருவார். என்னை பௌதி என்பார், வங்காளியில் அண்ணி. விலை சொன்னால் கெடுவும் சேர்த்தே சொல்வார்.

ஃபிளாட்டை விற்கிறவர் இழுத்தடித்தார். தரகர் அவரிடம், "நாளன்னிக்கு பௌஷ் மாசம் பொறக்குது, அப்புறம் வீடு பேச ஆள் வராது. நாளைக்கு ஆறு மணி வரைக்கும்தான் இந்த விலை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அவர் மாட்டேன்னுட்டா?" என்றேன்.

"உங்க மார்கழியும் அதேதானே பௌதி? நீங்களும்தான் வாங்க மாட்டீங்க!"

மறுநாள் ஆறு அடிப்பதற்குள் அவர் சம்மதம் வந்தது.

கணவர் காலமானபின் அந்த ஃபிளாட்டை விற்க அதே தரகரையே கூப்பிட்டேன். வாங்க வந்தவர், "இன்னிக்கு ஆறு மணிக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார். நான் ஜன்னலையே பார்த்தேன். தரகர் குடையை எடுத்துக்கொண்டு வந்தவரிடம் சொன்னார், "பௌதிக்குக் கெடு கிடையாது. எழுந்திருங்க, போகலாம்."

இன்னும் இங்கேதான் இருக்கிறேன். விற்கிறதைப் பற்றித் தரகர் அப்புறம் கேட்கவே இல்லை. இரண்டு தடவையும் ஆறு மணிதானா, என் ஞாபகம்தான் தப்பா என்று அவரைப் பார்க்கிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.