ஏழாவது மலையில் ஈர வேட்டி

வெள்ளியங்கிரி ஏறப்போகும் அடியார்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏழாவது மலையில் என் மச்சினன் சக்தி செத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. சக்தி என் மனைவியின் ஒரே தம்பி. போன வருடம் பங்குனியில், பிள்ளை வரம் கேட்டு என்னோடு மலையேற வந்தான். “தம்பியப் பத்திரமாக் கூட்டியாந்துருங்க” என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்பினாள். அடிவாரத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்வெட்டர் எடுக்கச் சொன்னேன். “பங்குனியில எதுக்குங்க மாமா?” என்று சிரித்தான்.

ஆறாவது மலையில் சுனை இருக்கிறது. அதில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடே ஏழாவது மலை ஏறுவதாகச் சிலர் வேண்டிக்கொள்வார்கள். சக்தியும் அப்படித்தான் வேண்டியிருந்தான். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. பாதி ஏறும்போது மேகம் இறங்கி, தூறலும் காற்றும் பிடித்துக்கொண்டன. பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டே ஏறினான். பிறகு நடுக்கம் நின்றது. குளிர் பழகிவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறியது. கால் தள்ளாடியது. “வேகுது மாமா” என்று மேல்துண்டை உருவி எறிந்தான். “சாமி வந்துருச்சுங்க!” என்றார் கூட ஏறிய ஒருவர். விபூதி பூசினார்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ முனகினான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். வேகுது என்கிறவனின் நெஞ்சு சில்லிட்டிருந்தது.

பக்கத்துப் பாறையில் விழுந்து கும்பிட்டேன். “ஈசா, வந்திருக்கிறது நீதானா? இல்லையென்றால் யாரையாவது அனுப்பு. இவன் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?” வாய்விட்டு அழுதேன்.

தரிசனம் முடித்து ஒரு அம்மா மேலிருந்து இறங்கி வந்தார். சூலூர்க்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சக்தியின் கழுத்தைத் தொட்டதும் சொன்னார். “சாமியில்லீங்க, இது குளிரு. நடுக்கம் நின்னு போச்சுன்னா உடம்புல சூடு தீந்துட்டிருக்குதுன்னு அர்த்தமுங்க. வேகுறாப்புல தோணுறதும் அதனாலதானுங்க. மொதல்ல ஈர வேட்டியக் கழட்டுங்க.”

வேண்டுதல் துணியாச்சே என்று தயங்கினேன். “ஏனுங்க, சாமி உங்ககிட்ட வேட்டியா கேட்டாரு?” என்று அதட்டினார்.

காற்றுப் படாத பாறை மறைவில் படுக்கவைத்து ஈரத்தைத் துடைத்தோம். கூட ஏறியவர்கள் கொடுத்ததில் அடியில் ஒரு போர்வை, மேலே இரண்டு, தலைக்குக் குல்லா. நான் சட்டையைக் கழற்றிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு போர்வைக்குள் படுத்தேன். கைகாலைத் தேய்க்க வந்தவர்களை அந்த அம்மா விடவில்லை; தேய்த்தால் அங்கே குளிர்ந்துபோன ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். நன்றாகத் தெளியும்வரை சுக்குக் காபியையும் வாயில் ஊற்ற விடவில்லை. குஞ்சுகளுக்குக் குளிரக்கூடாதென்று பல்பு போட்டு வளர்க்கிறவன் நான். என் மச்சினனுக்குக் குளிர்வது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் உடம்பு மறுபடி நடுங்கியது. “இதுதானுங்க நல்லது” என்றார் அந்த அம்மா. பிறகு அவனே, “மாமா, குளிருது” என்றான். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. டோலியில் ஆடாமல் அசையாமல் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் தாமதித்திருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

பிள்ளை வரம் இன்னும் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வருடமும் ஏறினோம். சுனை நீரைத் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. பையில் ஸ்வெட்டரும் மாற்று வேட்டியும் இருந்தன. வழியில் யாருக்காவது நாக்கு குழறினால், கால் தள்ளாடினால், முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.

நீங்களும் ஈசனை நம்பிக் கூப்பிடுங்கள். கட்டாயம் பதில் வரும். வந்திருப்பது நீதானா என்று நான் கேட்டேன். நானில்லை என்று ஆளனுப்பிச் சொன்னான் என் ஈசன்.