விசாரணையில் நோர்மானியர்

எண்பத்தைந்தில், டோர்ட்மண்ட் அகதி முகாமில் இருந்த என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் ஆமிச் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து என்னை இழுத்துக்கொண்டு போனதைச் சொல்ல வேண்டும். நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அதிகாரி முதலில் தொழிலைக் கேட்டார். லண்டன் பல்கலைக்கழகச் சோதினை எடுக்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்தேன் என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்தவர் டார்ம்ஸ்டாட்டில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்.

"அவர் நம்பலை சார். ஏதாவது பாடம் நடத்திக் காட்டச் சொல்றார்."

வாத்தியாரிடம் இப்படிக் கேட்கக் கூடாது. எழுந்து நின்று நோர்மன் படையெடுப்பைத் தொடங்கிவிட்டேன். கடல் கடந்து பிரபு வந்தது, ஒரே நாள் சண்டையில் அரசன் விழுந்தது, ஊரூராகக் கோட்டை எழும்பியது, காணிக்காரர் காணியில்லாமல் நின்றது. அரசவையிலும் வழக்கிலும் பிரெஞ்சு புகுந்தது. தன்னை என்ன விசாரிக்கிறார்கள் என்றே சாதாரண இங்கிலாந்துக்காரனுக்கு விளங்கவில்லை. இந்த இடத்தில் மாணவர் தயங்கினார்.

"இதையும் சொல்லணுமா சார்?"

"சொல்லுங்கோ தம்பி. சோதினைக்குக் கட்டாயம் வாற பகுதி."

அதிகாரி சிரிக்கவில்லை. "உங்கள் ஊரில் அரசர்கள் இருக்கவில்லையா?"

"ஓம், இருந்தவை. கடைசி அரசனைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றுபோட்டினம்."

"பிறகு?"

பிறகு என்ன? எங்கள் அரசன் பாடத்திட்டத்தில் இல்லை. நோர்மானியருக்கு அரைமணித்தியாலம் ஓடிய வாய் ஒரே வசனத்தில் அடைத்துக்கொண்டது. வெட்கத்தோடு ஆமிக்காரர் கதையைத் தொடங்கினேன். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்து, சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்.

சில மாதத்தில் கடிதம் வந்தது. நான் ஆசிரியர் என்பதை நம்புகிறார்களாம். ஊரில் எனக்கு ஆபத்து என்பதைத்தான் நம்பவில்லையாம். மேன்முறையீட்டுக்கு வந்த பெண் வழக்கறிஞர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"அடுத்த முறை இங்கிலாந்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்."

திறக்கவில்லை. இரண்டாம் விசாரணையில் தொழில் ஆசிரியர் என்பதோடு நிறுத்திவிட்டு, வாசற்கதவு உடைந்த சத்தத்தில் தொடங்கினேன். நடுவில் தண்ணீர் கேட்டேன், தந்தார்கள். இருப்பதற்கு அனுமதி கிடைத்தது. இங்கிலாந்துச் சரித்திரத்தைப் பற்றி ஒருவரும் கேட்காத ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன்.