அசையாதக்காவும் ஓடும் சைக்கிளும்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அசையாதக்கா என்றால்தான் தெரியும். சலவைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே, கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிழைப்பு. ஆளை முக்காலியில் உட்காரவைத்து, முகவாயை ஒற்றை விரலால் நிமிர்த்தி, "அசையாதீங்க" என்பாள். அழுகிற குழந்தையும் அடங்கிவிடும். "அக்கா சொன்னா என் கடைத் தையல் மிஷினே நின்னு போகுது" என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

அந்தச் சொல்லுக்கு அடங்காத ஒரே ஆள் அவள் தங்கை. தபால் கொடுப்பவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். சைக்கிளில் போகும்போது பாட்டும் சிரிப்புமாகப் போவாள். வீட்டு வாசல்தோறும் ஒரு குரல் கொடுப்பாள். முக்காலியில் உட்காரவைத்தாலோ, பல் பிடுங்க வந்தவள் மாதிரி முகம் கோணிப் போகும். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்த புது அதிகாரி, "இது உங்க அம்மாவா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வருஷம் நகரசபை, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு சைக்கிள் போட்டி அறிவித்தது. தங்கை முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு என்னை ஒரு படம் எடுத்துக் கொடு. வீட்டுல மாட்டுற மாதிரி ஒண்ணாவது வேணும்."

"நீ ஒரு இடத்துல நின்னாத்தானேடி எடுக்க முடியும்?"

"நிக்கிறதுக்கா போட்டியில சேர்ந்தேன்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத் தொழிலில் ஓடுகிற எதையும் அவள் எடுத்ததே இல்லை. மறுநாளே தங்கையைத் தெருவில் ஓட்டச் சொல்லி எடுத்துப் பார்த்தாள். ஷட்டரை வேகமாக வைத்தால் சைக்கிள் அப்படியே உறைந்து நின்றது. "ஸ்டாண்ட் போட்ட சைக்கிள்ல ஏறி உக்காந்திருக்கேன் பாரு" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மெதுவாக வைத்தாலோ, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி எல்லாம் ஒரே இழுவல்.

கேமரா பழுது பார்ப்பவர்தான் வழி சொன்னார். "ஷட்டர் மெதுவாவே இருக்கட்டும். ஆனா கேமராவை நிறுத்திப் பிடிக்காதீங்க. சைக்கிள் போற வேகத்துக்கு அதையும் கூடவே திருப்புங்க. ஆள் தெளிவா விழும், பின்னாடி இருக்கிறது ஓடும். பேனிங்னு பேரு."

ஓடுவது ஆள், படத்தில் ஓடப்போவது சுவர்! அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து காலையில் கடை திறக்கும் முன் சாலையோரம் நின்றாள். காலை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்தாள். முதுகு வலிக்கு யாரோ பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரு முடிவு கட்டியது. புருஷன் பஸ் கண்டக்டர். மனைவிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று டிரைவரிடம் சொல்லி, ஸ்டுடியோ பக்கம் வந்ததும் பஸ்ஸை ஊர வைத்தார். படிக்கட்டில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஜன்னலோரப் பயணிகள் தலை வாரிக்கொண்டார்கள்.

"ஏங்க, கல்யாண ஊர்வலமா இது? வழக்கம்போல வேகமா போகச் சொல்லுங்க!"

ஆனாலும் படம் தேறவில்லை. ஆரம்பம் ஒழுங்காகத்தான் இருக்கும்; பட்டனை அழுத்தும் நொடியில் எல்லாம் குழம்பிவிடும். ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த புருஷன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க?"

"பட்டனை அமுக்குறப்ப வாய்க்குள்ள என்ன சொல்ற?"

அவள் யோசித்தாள். முகம் சிவந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் "அசையாதீங்க" என்றுதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவள் உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நின்றிருக்கிறது.

இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எழுந்ததும் அவள், "போ, போ, போ" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருந்தாள். அப்போது போன ஒரு ரொட்டிக்காரரின் சைக்கிள், கம்பிக் கூடையோடு கண்ணாடி மாதிரித் தெளிவாக விழுந்தது.

போட்டியன்று தபால் நிலையத்துக்கு எதிரே, வண்ண வண்ணக் கடைகள் பின்னால் வரும்படி இடம் பிடித்திருந்தாள். கூட்டம் முன்னால் முண்டியது. புருஷன் இரு கையையும் விரித்து, "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க, இடம் இருக்கு!" என்று தொழில் குரலில் கத்தினார். பழக்கதோஷத்தில் கூட்டமும் தள்ளி நின்றது.

தங்கை வந்தாள். தபால் சைக்கிள், காற்றில் உப்பிய சட்டை. அக்காவைக் கண்டதும் "ஏய் அக்கா!" என்று வாய் பிளந்து ஒரு சிரிப்பு. "போ, போ, போடீ!" என்று அக்கா கத்தினாள், இடுப்பு அவளோடு போனது, கேமரா போனது, கடைகள் எல்லாம் ஓடின.

தங்கை கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். மறுநாள் அக்கா கையில் கொடுத்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பின்னால் சாலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாய் ஓட, நடுவில் கண்ணோரச் சுருக்கம் வரை துல்லியமாக அவள் முகம்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"தினமும் இப்படித்தான் இருக்க. நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டாள். "மாமா, இதுக்கு உங்க பஸ் கம்பி மாதிரி கெட்டியா ஒரு ஃபிரேம் போடணும்!"

படம் தபால் நிலையத்தில் மாட்டப்பட்டதும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளுக்குச் சாலைதான் ஸ்டுடியோ. சக்கர நாற்காலியில் பந்தயம் விடும் கணக்கு வாத்தியார் வந்தார். புதுமணத் தம்பதி ஒரே சைக்கிளில் வந்தார்கள். போன வாரம் ஆரஞ்சு விற்பவர் தள்ளுவண்டியோடு வந்து, "எனக்கும் வேகமா ஒண்ணு" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் பழங்கள் துள்ளிக் குதித்துச் சாலையெங்கும் உருண்டன. வரிசையில் நின்றவர்கள் சிரித்தபடி அவற்றைத் துரத்தினார்கள்; யாரை எடுப்பதென்று தெரியாமல் அவள் நாலு பக்கமும் சுழன்று சுழன்று எடுத்துக்கொண்டிருந்தாள்.