கழுத்தோரத்து மச்சம்

கடைத்தெருக் கோடியில் இரண்டு நாற்காலி போட்டு முடிவெட்டும் அந்தப் பெண்ணை எல்லோரும் சலூன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையில் கத்திரி பேசும். கோல்ஃப் மட்டையைப் பிடித்தால் மட்டும் அதே கை ஊமையாகிவிடும்.

நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கு அவளை முதலில் இழுத்துப்போனவள் நாத்தனார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாய் கொஞ்சம் நீளம். இருவரும் ஜோடியாக ஆடினார்கள். குளத்துக்கு அக்கரையில் கொடி நட்ட குழிக்குப் பந்தை அடிக்க வேண்டிய இடம் வரை ஏதோ ஒப்பேறும். அங்கே போனதும் அக்காவின் பந்து, தாகமெடுத்த மாடு மாதிரி நேரே தண்ணீருக்குள் இறங்கும்.

குறை என்னவென்று அவளுக்கே தெரியும். மட்டை பந்தைத் தொடுவதற்குள் தலையைத் தூக்கிவிடுகிறாள். கூடவே தோளும் எழும்பி, மட்டை பந்தின் மண்டையில் தட்டிவிட்டுப் போகும். கக்கத்தில் துண்டை இடுக்கிப் பார்த்தாள். தொப்பியைக் கண்வரை இறக்கிப் பார்த்தாள். வீட்டு ஹாலில் வீசிப் பழகியதில் மின்விசிறி இறக்கை வளைந்ததுதான் மிச்சம்.

"அண்ணி, குளத்துல மீனெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கிச்சாம்" என்றாள் நாத்தனார் ஒருநாள். சிரித்த கையோடு விஷயத்தையும் போட்டு உடைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. ஜோடிப் போட்டி வருது. இந்த ஞாயித்துக்கிழமை குளத்தத் தாண்டிட்டா நீங்கதான் என் ஜோடி. இல்லன்னா எங்க ஆஸ்பத்திரி பல் டாக்டரச் சேத்துக்கறேன். அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாரமெல்லாம் அடுத்தவர் தலைக்குப் பின்னால் நிற்கிறவள். தனக்கென்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான்.

அந்த வாரமே பல் டாக்டர் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். போட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை, வெயிலைப் பற்றிப் பேசினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள்.

"ஏங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் நிமிந்து கண்ணாடியப் பாக்குறீங்களே, நான் எங்கயும் ஓடிட மாட்டேங்க!" என்றார் டாக்டர்.

கத்திரி அந்தரத்தில் நின்றது. வெட்டு, நிமிர்ந்து பார். வெட்டு, நிமிர்ந்து பார். இத்தனை வருஷப் பிழைப்பே அதுதானே! வேலை சரியாக வந்ததா என்று பார்க்கத் தலை தானாக எழுகிறது. மைதானத்துக்குப் போவதும் அதே தலைதான். தொப்பியும் துண்டும் என்ன செய்யும்?

அடுத்து, பிடரியை மழிக்கச் சவரக்கத்தியை எடுத்தாள். டாக்டரின் கழுத்தோரத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். அதைச் சுற்றி வழித்து முடிக்கும்வரை அவள் தலை இம்மியும் அசையவில்லை. கத்தி தோலில் இருக்கும்போது யார் கண்ணாடியைப் பார்ப்பார்கள்? இதை ஏன் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் பயந்துபோய்க் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் பந்து வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. "மச்சம்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

"என்ன அண்ணி, மந்திரமா?"

"பேசாத. கையில கத்தி இருக்கு."

நாத்தனார் முழித்தாள். அக்கா மட்டையை ஓங்கி இறக்கினாள். 'டக்'கென்று சுத்தமாக ஒரு சத்தம். மட்டை சுழன்று தோளுக்கு மேல் போன பிறகும் பந்து இருந்த இடத்துப் புல்லையே முறைத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தது. அது வரவேயில்லை.

"ஐயோ அண்ணி, போதும், தலையத் தூக்குங்க! தாண்டிடுச்சு! கொடிகிட்டயே போய் உக்காந்திருக்கு!"

அப்போதுதான் நிமிர்ந்தாள். அக்கரையில், கொடியின் நிழலுக்குள், வெள்ளைப் புள்ளி. தன் வாழ்நாளின் சிறந்த அடி பறந்ததை அவள் மட்டும் பார்க்கவில்லை. பார்க்காததில்தான் அவளுக்கு எவ்வளவு பெருமை! நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

"எல்லாம் சரி அண்ணி, டாக்டர்கிட்ட இப்ப நான் என்னத்தச் சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அக்கா, குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கியபடியே. "நாளைக்கு ஷேவிங்குக்கு வர்றாரு. கத்தி கழுத்துல இருக்கும்போது நானே பக்குவமா சொல்லிடறேன்."