கபடி மைக்கில் நின்றுபோன பேச்சு

எனக்கு வாய்தான் சொத்து. கூடுவாஞ்சேரியில் டைல்ஸ் கடையில் வேலை. லீவு நாளில் சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் வர்ணனை நான்தான். அன்று மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் அரையிறுதி. ஆட்டக்காரர் போனஸ் கோட்டைத் தாண்டினார். "இதோ..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். சொல்லவேண்டியது மண்டைக்குள் இருக்கிறது, வெளியே வரவில்லை.

"மைக்கு புட்டுகிச்சு, மாத்துங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது. சவுண்டு செட்காரர் ஓடிவந்து வயரைப் பிடுங்கிச் சொருகினார், வேறு மைக் கொடுத்தார். அது என் வலது கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அந்த மனுஷன் அப்போதும் மைக்கைத்தான் ஊதிப் பார்த்தார்! யாரோ சோடா நீட்டினார்கள்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பாய்ந்து வந்து சோடாவைத் தட்டிவிட்டாள். "மைக்குக்கு ஒண்ணும் ஆவல. இவரு வாயப் பாருங்க, கோணிகினு கீது! எங்கம்மாவுக்கும் இப்டித்தான் வந்துச்சு. காலைல பாத்துக்கலாம்னு வுட்டோம், அப்புறம் அது பேசவே இல்ல. வண்டிய எடுங்க!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. டாக்டரம்மா அவளுக்கு விளக்கியதை நானும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சிலருக்குக் கழுத்துக் குழாயில் கொழுப்பு படிந்து, அங்கேயே ரத்தம் கட்டும். சிலருக்கு பிரஷரும் சர்க்கரையும் மூளைக்குள் இருக்கும் பொடிக் குழாய்களைக் கெடுத்துவிடும். எனக்கு இதயம் தாறுமாறாகத் துடித்து, அங்கே கட்டிய ரத்தம் மூளையில் பேச்சுக்கான இடத்தில் போய் அடைத்துக்கொண்டதாம். சீக்கிரம் வந்ததால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாம் என்றார்.

"பேச்சு வந்துடுமாம்மா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பாக்கலாம்."

அந்தப் பதிலுக்குப் பயந்ததுபோல் நான் எதற்கும் பயந்ததில்லை.

ஊசி போட்டபின் கை சீக்கிரமே அசைந்தது. பேச்சுதான் பாடாய்ப் படுத்தியது. பேனாவைக் காட்டினால் சாவி என்பேன். கோபம் வந்தால் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வரும். "அதுவாவது வருதே" என்று மனைவி சிரிப்பாள். தினமும் போனில் கபடி ஆட்டத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, "பேசுய்யா" என்று உயிரை எடுப்பாள். நானும் மாதக்கணக்கில் உளறினேன்.

போன மாதம் கடப்பாக்கத்தில் வேறொரு போட்டியின் இறுதியாட்டம். முழு ஆட்டமும் நான்தான் பேசினேன். ஒருவர் பெயர் நாக்கில் வராமல் அடம்பிடித்தது. "சிவப்பு பனியன்" என்று சமாளித்தேன், விசில் பறந்தது. ஆட்டம் முடிந்ததும், "வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானாலும் ஓடுங்கள்" என்றேன். முன்வரிசையில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பரிசு கொடுக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் மாறிமாறி மைக்கைக் கேட்டார்கள். நான் கொடுக்கவே இல்லை.